மோந்த்ரகோனின் காஹா லபோரால்: தொழிலாளர் கடன் சங்கமா, ஆலைகளின் கஜானாவா?

#1 சங்கக்கணக்கு
தொழிற்சாலைத் தொழிலாளர்களே தொடங்கிய கடன் சங்கம் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் இருக்கும் மோந்த்ரகோனை. அங்கே 1959-ல் ஆரம்பித்த காஹா லபோரால் பொப்புலார் (காஹா என்றால் சேமிப்பு வங்கி) பற்றித்தான் கேட்கிறேன். நம்ம ஊர்ப் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் மாதிரி மாதச் சந்தா, ஜாமீன்தாரர், சம்பளப் பிடித்தம் என்று ஓடியதா? முதல் பணம் எங்கிருந்து வந்தது? கடன் யார் கைக்குப் போனது? எங்கே சறுக்கியது? "கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" ரகக் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை போதும். கணக்கு தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 மலைநாடன்
முதலில் ஒரு திருத்தம் சார். தொழிலாளர்கள் கேட்டு வந்த வங்கி இல்லை அது. பெரும்பாலும் அவர்கள் தலையில் கட்டப்பட்டது.

மோந்த்ரகோன் மலைக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர், கிபுஸ்கோவா மாகாணம். ஊரின் பெரிய முதலாளி உனியோன் செர்ராஹெரா என்ற பூட்டு, இரும்புச் சாமான் கம்பெனி. 1941-ல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். கம்பெனியின் பயிற்சிப் பள்ளியில் வேலையாட்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்பதால், 1943-ல் ஊர்க்காரர்களிடம் வசூல் செய்து 20 பையன்களோடு தனியாக ஒரு தொழிற்பள்ளி ஆரம்பித்தார். அதில் படித்தவர்களில் ஐந்து பேர், உசத்தோரே, லாரன்யாகா, கொரொன்யோகொய்த்தியா, ஒர்மயெச்சேயா, ஒர்த்துபாய், பின்னால் அதே கம்பெனியில் பொறுப்பான வேலைகளில் இருந்தார்கள். கம்பெனி மூலதனத்தைப் பெருக்கியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். ஐவரும் வெளியே வந்து, வித்தோரியா நகரில் நொடித்துப்போன ஒரு பட்டறையை 1955-ல் விலைக்கு வாங்கினார்கள். ஏன் அந்தப் பட்டறை? அதனிடம் வீட்டு உபயோகச் சாதனம் செய்யும் அரசு உரிமம் இருந்தது. சர்வாதிகாரி பிராங்கோ காலத்து ஸ்பெயினில் புது உரிமம் வாங்குவது குதிரைக்கொம்பு.

1956-ல் மோந்த்ரகோனில் வேலை தொடங்கியது. ஐவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து உல்கோர் என்று பெயர். முதல் சரக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. பிற்பாடு ஃபாகோர் என்ற பிராண்டில் குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் வந்தது இங்கிருந்துதான். முதலீடு ஊரில் சுமார் 100 பேரிடம் திரட்டிய 1.1 கோடி பெசெத்தா (அன்றைய ஸ்பெயின் நாணயம்). என்ன செய்யப்போகிறார்கள் என்றுகூட முழுசாகத் தெரியாமல் கொடுத்த பணம் அது. பாதிரியார் மேல் இருந்த நம்பிக்கை.

#3 லேத்பட்டறை
அண்ணே, தலையில் கட்டினார் என்றால்?

#4 மலைநாடன்
கூட்டுறவுச் சட்டத்தைத் துருவிக்கொண்டிருந்த பாதிரியார் கண்ணில் இரண்டு விஷயம் பட்டது. ஒன்று, கடன் கூட்டுறவு சேமிப்புக்கு வணிக வங்கிகளைவிட 0.5% கூடுதல் வட்டி கொடுக்கச் சட்டம் அனுமதித்தது. ஊர்ச் சேமிப்பை இழுக்க அது போதும். இரண்டு, 1958 கடைசியில் அரசு, கூட்டுறவுத் தொழிலாளிகள் உரிமையாளர்கள், கூலிக்காரர்கள் இல்லை என்று சொல்லி அவர்களைச் சமூகக் காப்பீட்டிலிருந்து வெளியே தள்ளியது. மருத்துவம், ஓய்வூதியம் எதுவும் கிடையாது. ஆக, சேமிப்புக்கு ஒரு பிரிவு, காப்பீட்டுக்கு ஒரு பிரிவு என்று ஒரே கூரையின் கீழ் ஒரு காஹா தொடங்கலாம் என்றார்.

உல்கோர்க்காரர்களுக்கு இஷ்டமே இல்லை. இயந்திரம் வாங்கவே நேரமில்லை, இதில் வங்கி வேறா என்று தட்டிக்கழித்தார்கள். அவர் விடவில்லை. தொடக்கக் கூட்டத்தின் ஆவணத்தில் நிறுவனர்கள் இருவரின் கையெழுத்தைத் தானே போட்டுத் தாள்களை அனுப்பிவிட்டார் என்பதை அந்த நிறுவனர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1959-ல் அனுமதி வந்தது. நிறுவன உறுப்பினர்கள் தனி ஆட்கள் இல்லை, நான்கு கூட்டுறவுகள்: உல்கோர், அர்ராசாத்தே, ஃபுன்கோர், சான் ஹோசே நுகர்வோர் சங்கம். முதல் மூன்றும் உற்பத்தி, நான்காவது கடை. அந்தக் கடைதான் 1969-ல் வேறு சில ஊர்க் கடைகளோடு சேர்ந்து எரோஸ்கி என்ற பல்பொருள் அங்காடிக் கூட்டுறவு ஆனது.

#5 தணிக்கைப்பேனா
மேலே உள்ளவர் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். உறுப்பினர் யார் என்று பார்த்தாலே சங்கத்தின் குணம் தெரிந்துவிடும்.

நம் சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினர் = சேமிப்பவர் = கடன் வாங்குபவர். மூன்றும் ஒரே ஆள். காஹாவில் மூன்றும் வேறு வேறு. பணம் போட்டது ஊர்ப் பொதுமக்கள். கடன் வாங்கியது கூட்டுறவு ஆலைகள். ஓட்டு இருந்தது இணைந்த ஆலைகளுக்கும் காஹாவின் சொந்த ஊழியர்களுக்கும். நிர்வாகக் குழுவில் 12 பேர் என்றால் 8 இடம் ஆலைகளுக்கு, 4 இடம் ஊழியர்களுக்கு. பாஸ்புக் வைத்திருந்த கிழவிக்கு ஒரு ஓட்டும் கிடையாது.

ஊழியர்களின் உபரிப் பங்கும் வங்கியின் லாபத்தை வைத்து நிர்ணயிக்கப்படவில்லை. இணைந்த ஆலைகளின் சராசரி எப்படியோ அப்படி. ஆலைகள் நொடித்தால் வங்கிக் குமாஸ்தாவின் பையும் காலி. வட்டியை ஏற்றி ஆலைகளைக் கறக்கலாம் என்ற ஆசை வேரிலேயே அறுந்துவிடும். அந்த ஒரு விதிக்காகவே எழுதியவர்களைப் பாராட்டலாம்.

#6 புளியந்தோப்பு
ஓட்டே இல்லாதவன் பணத்தில் நடத்தியதைக் கடன் சங்கம் என்று எப்படிச் சொல்வது தோழர்? அமெரிக்காவின் முதல் கடன் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஹாம்ப்ஷையரில் மான்செஸ்டர் நகரம், 1908 நவம்பர் 24. பஞ்சாலையில் வேலை பார்த்த பிரெஞ்சு-கனடியக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய செயின்ட் மேரி சங்கம். அங்கேயும் பின்னணியில் ஒரு பாதிரியார்தான், பியேர் ஏவே. ஆலோசனை சொன்னவர் கியூபெக்கின் அல்போன்ஸ் தெஜார்தேன். ஆனால் அங்கே பங்கு வாங்கியவன் எவனோ அவன் உறுப்பினர், ஆளுக்கு ஒரு ஓட்டு, கடனும் அவனுக்கே. தெஜார்தேன் 1901-ல் லெவி ஊரில் முதல் நாள் வசூலித்தது மொத்தம் 26 டாலர் 40 சென்ட். சில்லறை சில்லறையாக வந்த பணம். இதுதான் உண்மையான மாதிரி.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கடன் சங்கச் சட்டங்களுக்குப் பணம் கொட்டிப் பிரசாரம் செய்த பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் 1907-ல் வங்காளத்து கிராமக் கடன் சங்கங்களை நேரில் பார்த்துவிட்டுப் போனவர். அந்தச் சங்கங்கள் நம் 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் பிள்ளைகள். அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவற்றில் ஒன்று சென்னை மாகாணத்து பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் எழுதிய அறிக்கை.

#7 தணிக்கைப்பேனா
பெயரை வைத்துச் சண்டை வேண்டாம் தோழர். ஸ்பெயின் சட்டத்தில் அது கடன் கூட்டுறவு, அவ்வளவுதான். செயின்ட் மேரி மாதிரி சங்கம் ஒரு குடும்பத்தைக் கந்துவட்டியிலிருந்து மீட்கும். வேலை உண்டாக்காது. மோந்த்ரகோனில் அன்றைய பிரச்சினை வேலை. காஹாவின் விளம்பர வாசகமே "லிப்ரெத்தா ஓ மலேத்தா", அதாவது பாஸ்புக்கா, பெட்டி படுக்கையா. இங்கே பணத்தைப் போடு, இல்லாவிட்டால் பிள்ளைகள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். பாட்டி பணம் போட்டது ஓட்டுக்காக இல்லை. பேரன் ஊரோடு இருக்கவேண்டும் என்று.

#8 சங்கக்கணக்கு
சரி, கணக்குக்கு வாருங்கள். ஊர் டெபாசிட் ஒரு பக்கம். ஆலைத் தொழிலாளியின் பணம் எந்த வழியில் உள்ளே வந்தது?

#9 தணிக்கைப்பேனா
இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

ஆலையில் உறுப்பினராகச் சேரும் ஆள் நுழைவு மூலதனம் கட்டவேண்டும். தோராயமாகக் கடைசிப் படி ஊழியரின் ஒரு வருடச் சம்பளம். கையில் இல்லாதவருக்குச் சில வருடங்களில் சம்பளத்தில் பிடித்தம். அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்காது, ஆலையின் பொது இருப்புக்குப் போய்விடும். மீதி அவர் பெயரில் தனி மூலதனக் கணக்கு.

வருட முடிவில் உபரி 100 என்று வையுங்கள். 10 கல்விக்கும் ஊர்க் காரியத்துக்கும். குறைந்தது 20 பொது இருப்புக்கு. மிஞ்சிய அதிகபட்சம் 70 உறுப்பினர்களின் கணக்குகளில் அவரவர் ஊதியப் படியின் விகிதத்தில் வரவு. வரவு மட்டும்தான். கையில் ஒரு பெசெத்தாவும் வராது. வருட வட்டியைப் பணமாக எடுக்கலாம், அசல் ஓய்வு பெறும்போதுதான். நடுவில் விலகிப் போனால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் அதிகாரமும் ஆலைக்கு உண்டு. நஷ்டம் வந்தாலோ அதே கணக்கிலிருந்து கழிவு.

இப்போது குழப்பத்துக்கு வருகிறேன். இந்தத் தனிக் கணக்கு ஆலையின் மூலதனம். காஹாவில் கிடக்கும் டெபாசிட் இல்லை. ஆனால் இணைப்பு ஒப்பந்தப்படி ஆலை தன் கைமீதிப் பணத்தைக் காஹாவில்தான் வைக்கவேண்டும், வங்கி வேலை எல்லாம் அங்கேதான். ஆகவே பூட்டிவைத்த உபரி ஆலையிலிருந்து காஹாவுக்குப் போய், இன்னொரு ஆலைக்குக் கடனாக வெளியே வரும். ஊர் டெபாசிட் அதற்கு மேல். எல்லோரும் 0.5% பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் 0.5% வாசலில் கட்டிய தோரணம்தான். வண்டியை ஓட்டியது அந்தக் கையில் தராத 70.

#10 லேத்பட்டறை
உபரி ஊதியப் படி விகிதம் என்றால் மேனேஜருக்கு அள்ளிக்கொண்டு போகுமே?

#11 தணிக்கைப்பேனா
ஆரம்பத்தில் மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் வித்தியாசம் 3-க்கு 1. வரிக்கு முந்திய வெளிச்சந்தைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மேனேஜருக்கு நஷ்டம்தான். பின்னால் ஆள் கிடைக்காமல் படிப்படியாக 6-க்கு 1 வரை விரித்தார்கள். அதுவே தனிச் சண்டைக்கான விஷயம், வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

#12 மலைநாடன்
கடன் கொடுத்த முறை பற்றியும் எழுதவேண்டும். மனு வாங்கி, ஈடு பார்த்து, காசோலை கிழிக்கும் வேலை இல்லை அது. காஹாவுக்குள்ளேயே தொழில் பிரிவு என்று ஒன்று வளர்ந்தது. பொறியாளர், சந்தை ஆய்வாளர், சட்டம் தெரிந்தவர், கணக்கர், கட்டட வேலைக்காரர் எல்லாம் அதில் இருந்தார்கள். ஒரு புது ஆலை பிறந்த விதம் இது:

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வருவார்கள். தனி ஆளாக வந்தால் எடுப்பதில்லை. குழுவுக்குள் பழக்கம் இருக்கவேண்டும், நிர்வாகி ஆகக்கூடிய ஒருவர் அவர்களுக்குள் இருக்கவேண்டும். அந்த ஒருவரை 18 முதல் 24 மாதம் வரை தொழில் பிரிவில் உட்காரவைத்து, கூடவே அனுபவம் உள்ள ஒருவரை ஞானத்தந்தை போல நியமிப்பார்கள். அந்த மாதங்களின் சம்பளம் கடன் கணக்கு, ஆலை ஓடத் தொடங்கியபின் திரும்பவரும். என்ன செய்வது, எங்கே விற்பது, எந்த இயந்திரம், எத்தனை ஆள், மாதாமாதம் எவ்வளவு பணம் வேண்டும் என்று அத்தனையும் தாளில் வந்தபிறகு வங்கிக் குழு முடிவு செய்யும். முடிவு ஆனால் பணப் பங்கீடு தோராயமாக: உறுப்பினர்கள் 20%, அரசுக் கடன் 20%, காஹா 60%. முதல் சில வருட நஷ்டத்தையும் திட்டச் செலவில் முன்கூட்டியே சேர்த்துவிடுவார்கள். புதுப் பட்டறைகள் பெரும்பாலும் சாவது இரண்டாம் வருடத்தில் கைச்செலவுக்குப் பணம் இல்லாமல். சரக்கு மோசம் என்பதால் சாவது குறைவு. இவர்கள் அந்தப் பள்ளத்தை முதலிலேயே மண் போட்டு நிரப்பினார்கள்.

ஓடத் தொடங்கியபின் மாதக் கணக்கு காஹாவுக்குப் போகவேண்டும். வருட வரவுசெலவுத் திட்டம், 5 வருடத் திட்டம் தரவேண்டும். குறைந்தது 4 வருடத்துக்கு ஒருமுறை ஆழமான தணிக்கை, கணக்கோடு நிர்வாகத்தையும் சேர்த்து.

1956 முதல் 1986 வரை அந்தக் குழுமத்தில் பிறந்த 103 தொழிலாளர் கூட்டுறவுகளில் மூடப்பட்டவை 3.

#13 புளியந்தோப்பு
103-க்கு 3 என்பதை எல்லோரும் மந்திரம் மாதிரி ஓதுகிறார்கள். மூடவிடாமல் தாங்கிப் பிடித்ததற்கு யார் காசு போனது? ஓட்டில்லாத டெபாசிட்தாரரின் காசுதானே?

#14 தணிக்கைப்பேனா
நியாயமான கேள்வி. 1980களின் மந்தத்தில் ஸ்பெயின் முழுக்க ஆலைகள் மூடின, பாஸ்க் பகுதியில் ரொம்பவே மோசம். காஹா நலிந்த ஆலைகளை மூன்று தட்டாகப் பிரித்தது. எச்சரிக்கை நிலை என்றால் வழக்கமான வட்டி, கண்காணிப்பு மட்டும். நடுத்தர ஆபத்து என்றால் வட்டிக் குறைப்பு. உயிருக்கே ஆபத்து என்றால் வட்டி பூஜ்யம், ஆனால் காஹாவின் ஆள் உள்ளே போய் உட்காருவார், நிர்வாகியை மாற்றலாம், சரக்கையே மாற்றலாம். பதிலுக்கு உறுப்பினர்கள் சம்பளத்தைக் குறைக்கவேண்டும், கூடுதல் மூலதனம் போடவேண்டும், உபரி ஆட்கள் வேறு ஆலைக்குப் போகவேண்டும். டெபாசிட்தாரரின் வட்டி குறையவில்லை. குறைந்தது காஹாவின் லாபம். காஹாவின் லாபம் ஆலைகளுடையது. ஆகச் சுமையைத் தூக்கியவர்கள் தொழிலாளிகளே.

ஆனால் நீங்கள் தொட்ட இடத்தில் ஓட்டை இருப்பது உண்மை. கடன் கொடுப்பவர், ஆலோசனை சொல்பவர், தணிக்கை செய்பவர், மூவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் "இந்தக் கடன் வராக்கடன்" என்று எழுதப் பேனா வராது. தன் பிரிவே பரிந்துரைத்த திட்டத்தைத் தானே தோல்வி என்று யார் எழுதுவார்? கூடவே ஒரே குழுமத்துக்கு, ஒரே பள்ளத்தாக்குக்கு, பாதிக்குமேல் உலோகத் தொழிலுக்கு என்று கடன் குவிந்து கிடந்தது. எஃகு தும்மினால் வங்கிக்குக் காய்ச்சல்.

#15 மலைநாடன்
அதைப் பிரித்ததும் அதனால்தான். காப்பீட்டுப் பிரிவு 1960களின் கடைசியிலேயே லாகுன் ஆரோ என்று தனியாகப் போய்விட்டது. 1991-ல் மோந்த்ரகோன் கூட்டுறவு கார்ப்பரேஷன் உருவானபோது திட்டமிடல், ஆலைகளை மேய்ப்பது எல்லாம் தலைமையகத்துக்கு மாறின. தொழில் பிரிவும் வெளியே போனது. இன்னொரு பக்கம், டெபாசிட் வளர்ந்த வேகத்துக்கு ஆலைகளால் கடன் வாங்கித் தீரவில்லை. 1989-ன் கடன் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பிறகு வீட்டுக்கடன், சிறுதொழில் என்று வெளியாருக்குக் கொடுப்பதே பெருகியது. வழக்கமான சில்லறை வங்கியாக ஆகிவிட்டது.

பழைய ஆட்கள் சிலர் இதைக் கொள்கைத் துரோகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2013-ஐப் பாருங்கள்.

#16 லேத்பட்டறை
ஃபாகோர் விழுந்த வருடமா?

#17 மலைநாடன்
அதேதான். ஃபாகோர் எலெக்ட்ரோதொமெஸ்திகோஸ், அந்தப் பழைய உல்கோரின் வாரிசு. வெளிநாட்டில் கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கியது. 2008-ல் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் படுத்ததும் அடுப்பும் ஃபிரிட்ஜும் விற்பது நின்றது. மற்ற கூட்டுறவுகள் 2013-ல் 7 கோடி யூரோ உதவி போட்டன, போதவில்லை. அக்டோபரில் குழுமம் இனிமேல் பணம் இல்லை என்று கைவிரித்தது. உலகம் முழுக்கச் சுமார் 5,600 பேர் வேலை பார்த்த கம்பெனி திவாலானது.

1975-ல் இப்படி நடந்திருந்தால் காஹாவும் கூடவே போயிருக்கும். 2013-ல் போகவில்லை, கடன் புத்தகம் அப்போது பரந்து கிடந்தது. ஃபாகோர் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு லாகுன் ஆரோ வழியாக வேறு ஆலையில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. ஆனால் தனி மூலதனக் கணக்கு? #9-ல் சொன்னார் பாருங்கள், அது ஆலையின் மூலதனம். திவால் வரிசையில் கடைசி. 30 வருட உபரி கணக்கோடு போனது. ஓய்வு பெற்றவர்களில் பலர் வட்டிக்காக மூலதனத்தை எடுக்காமல் ஃபாகோரிலேயே கடனாக விட்டுவைத்திருந்தார்கள், அதுவும் சிக்கியது. கம்பெனி பொதுமக்களிடம் விற்றிருந்த கீழ்நிலைப் பத்திரங்களை (திவாலானால் மற்றக் கடன்காரர்களுக்குப் பிறகுதான் பணம் தருபவை) டெபாசிட் என்று நினைத்து வாங்கியவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

#18 புளியந்தோப்பு
பாதுகாப்பாக இருந்தவர் யார்? ஓட்டில்லாத பாஸ்புக்காரர். போனது யாருடையது? ஓட்டிருந்தவருடையது. சரி, இந்த ஒரு இடத்தில் நான் பின்வாங்குகிறேன். ஓட்டும் ஆபத்தும் ஒரே கையில் இருந்திருக்கிறது.

#19 சங்கக்கணக்கு
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். நம் ஊர்ப் பணியாளர் சங்கம் ஏதாவது ஒன்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா? காஹா இப்போது எப்படி இருக்கிறது?

#20 தணிக்கைப்பேனா
முதல் கேள்விக்கு. தொழில் தொடங்கும் வேலையை எடுக்கவேண்டாம், சங்கத் துணைவிதி இடம் தராது, உறுப்பினர் பணத்தை ஒரே பட்டறையில் போட்டால் என்ன ஆகும் என்பதும் மேலே இருக்கிறது. எடுக்கக்கூடியது இரண்டு. ஒன்று, லாப ஈவு முழுவதையும் தீபாவளிக்குப் பணமாக அள்ளிக்கொடுக்காமல் ஒரு பகுதியை உறுப்பினர் பெயரிலேயே ஓய்வுவரை வரவு வைப்பது. பொதுக்குழுவில் கூச்சல் வரும், தயாராக இருங்கள். இரண்டு, கடன் பரிசீலிப்பவரும் வராக்கடன் ஒதுக்கீடு எழுதுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்வது. சின்னச் சங்கங்களில் செயலாளரே இரண்டையும் எழுதுகிறார். சம்பளப் பிடித்தம் ஒழுங்காக வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆலை லே-ஆஃப் அறிவித்த மாதம்தான் தெரியும், கடன்தாரர், ஜாமீன்தாரர் இருவர் சம்பளமும் ஒரே நாளில் நின்றிருக்கும். ஜாமீன் போடுபவரை வேறு பிரிவில் இருந்து எடுங்கள், முடிந்தால் வேறு ஆலையில் இருந்து.

#21 மலைநாடன்
இரண்டாவதுக்கு. 2012-ல் இபார் குட்சா என்ற கிராமக் கடன் கூட்டுறவோடு இணைந்து இப்போது லபோரால் குட்சா என்ற பெயரில் நடக்கிறது. அந்த வருடங்களில் ஸ்பெயினின் சேமிப்பு வங்கிகள் பெரும்பாலும் அரசு உதவியோடு வேறு வங்கிகளுக்குள் கரைந்தன, இது கூட்டுறவாகவே நிற்கிறது. நிகர லாபத்தில் 25% கூட்டுறவுகளுக்கிடையேயான நிதிக்கும் சமூகப் பணிக்கும் போகிறது. டெபாசிட்டுக்கு மற்ற ஐரோப்பிய வங்கிகளைப் போல ஆளுக்கு 1,00,000 யூரோ வரை காப்பு உண்டு. அந்த 0.5% கூடுதல் வட்டிச் சலுகை எப்போதோ போய்விட்டது.